பத்து நிமிஷ ஆகாயம்

ஏலகிரி மலைச்சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவுகளுக்குப் புலவர்கள் பெயர், மீதிக்கு வள்ளல்கள் பெயர். வள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவை எல்லோரையும் சுற்றிக்கொண்டு பாரி, காரி, ஓரி என்று ஏற வேண்டும். குளிரில் நடுங்குகிறதே என்று மயிலுக்குப் போர்வையைக் கொடுத்த பேகனுக்கும் அங்கே ஒரு வளைவு உண்டு. பறக்கத் தெரிந்த ஜீவனுக்குத் துணியைக் கொடுத்துவிட்டுத் தரையில் நின்றவர் அவர். 25 சதுர மீட்டர் துணியைத் தோளில் சுமந்துகொண்டு, பறப்பதற்காக டவுன் பஸ்ஸில் நின்றபடி போனவர்கள் நாங்கள்.

நாங்கள் என்றால் திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்து ஆட்கள் சிலர். 2000-க்குக் கொஞ்சம் முன்னும் பின்னுமான காலம். ஷூ கம்பெனித் தையல் பிரிவில் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், ரயில்வேயில் ஒருவர், ஆலங்காயத்திலிருந்து நான். வாரத்தில் ஆறு நாள் ஒழுங்காக வேலைக்குப் போகிறவர்கள்தான். ஏழாவது நாளைத்தான் வீட்டில் யாராலும் விளக்க முடியவில்லை. ஏலகிரியில் வெளியூர்க்காரர்கள் நடத்திய பயிற்சி முகாமை வேடிக்கை பார்க்கப் போய், அப்படியே மாட்டிக்கொண்டவர்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு கிளைடர், அதுவும் இரண்டு கை மாறி வந்தது. அதற்குப் பாராகிளைடர் என்று பெயர் என்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியும். பஸ் கண்டக்டருக்கு அது லக்கேஜ், ஊருக்கு அது பாராசூட்.

ஊர் சொன்னதிலும் தப்பில்லை. பாராசூட்டிலிருந்து பிறந்த விளையாட்டுதான் இது. 1978-இல் பிரான்ஸ் நாட்டு ஆல்ப்ஸ் மலையில், மியூசி என்கிற சின்ன ஊரில், விமானத்திலிருந்து குதிக்கிற சங்கத்து ஆட்கள் மூன்று பேருக்கு விமானத்துக்குக் கொடுக்கிற காசு கட்டுப்படியாகவில்லை. மலைச்சரிவில் பாராசூட்டை விரித்துப் போட்டு, ஓடிப் பார்த்தார்கள். ஓடின காலடியில் தரை விலகியது. சிக்கனத்தில் பிறந்த விளையாட்டு என்பதால்தானோ என்னவோ, எங்கள் ஊர்வரை வந்து சேர்ந்தது.

அந்தத் துணிக்குள் கம்பி கிடையாது, சட்டம் கிடையாது. முன்விளிம்பில் வரிசையாக வாய் திறந்த அறைகள். ஓடும்போது அதற்குள் காற்று புகுந்து உப்பி, துணி இறக்கையாகிறது. காற்றுதான் எலும்பு. அந்த எலும்பு உறுதியாக நிற்க வேண்டுமானால் கீழே தொங்குகிற ஆளுக்குத் தக்க எடை வேண்டும். எங்கள் கிளைடருக்கு ஆளும் சாமானும் சேர்த்து 80 கிலோவாவது தேவை. நான் அப்போது 50 கிலோ. மூட்டை 20 கிலோ. எடை போதாமல் பறந்தால் துணி தளர்ந்து போகும், ஒரு பக்கம் மடங்கினால் லேசில் விரியாது. அதனால் ஆகாயத்துக்குப் போகும்போதெல்லாம் பத்து லிட்டர் தண்ணீரை இடுப்போடு கட்டிக்கொண்டு போனேன். இப்போது அந்தக் கேன் தேவைப்படாது. பத்து லிட்டர் என்ன, அதற்கு மேலேயே உள்ளுக்குள் சேர்த்து வைத்திருக்கிறேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஏலகிரி கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டர் சுமார். அடிவாரத்து ஊர்கள் 400 மீட்டர். கிளைடர் என்பது எப்போதும் இறங்கிக்கொண்டே இருக்கிற வண்டி. அசையாத காற்றில் வினாடிக்கு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். 700 மீட்டரை அதனால் வகுத்தால் பத்து நிமிஷம். இதற்காக விடியற்காலை எழுந்து, பொன்னேரியில் பஸ் மாறி, புலவர்களையும் வள்ளல்களையும் கடந்து, அத்தனாவூரில் டீ குடித்து, சரிவுக்கு நடந்து, துணியை விரித்து, அதில் கட்டிய நூற்றுக்கணக்கான மீட்டர் கயிற்றைச் சிக்கெடுத்து முடித்தால் காற்று திரும்பியிருக்கும்.

காற்று எதிரிலிருந்து வர வேண்டும். முதுகிலிருந்து வந்தால் ஓட முடியாது, ஓடினாலும் எழும்பாது. மெதுவாக வந்தால் துணி உப்பாது. மணிக்கு 25, 30 கிலோமீட்டரைத் தாண்டினால் கிளைடர் நம்மை முன்னே கொண்டுபோகாது, பின்னால் மலைக்குள் தள்ளும். இந்த நிபந்தனைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கூடிவருகிற நாழிகைக்காக ஒரு குச்சியில் ரிப்பன் கட்டி நட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பாராகிளைடிங் என்று சொல்லிக்கொண்டு நாங்கள் செய்ததில் பெரும்பகுதி இதுதான். தரையில் உட்கார்ந்து காற்றைப் பற்றிப் பேசுவது. ஒரு தடவை ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் எங்களை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இன்னா தம்பி, துணி காயலியா இன்னும்?”

காத்திருப்பதில் எங்களை மிஞ்சியவர்கள் அடுத்த மலையில் இருந்தார்கள். திருப்பத்தூர்ச் சமவெளிக்கு இந்தப் பக்கம் ஏலகிரி, அந்தப் பக்கம் ஜவ்வாது. ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகிற வழியில், 725 மீட்டர் உயரத்தில், காவலூர். மரங்களுக்கு மேல் வெள்ளைக் கும்மட்டம் தெரியும். 1960-களில் வைணு பாப்பு என்கிற வானியலாளர் இந்தியாவின் தெற்கில் வான்நோக்குவதற்கு இடம் தேடி, இந்தக் காட்டைத் தேர்ந்தெடுத்தார். 1968-இல் ஒரு சிறிய தொலைநோக்கி வந்தது. 1972-இல் ஒரு மீட்டர் விட்டமுள்ள ஜெர்மானியத் தொலைநோக்கி. 1977-இல் யுரேனஸ் கோளுக்கு வளையம் உண்டு என்று உலகத்துக்குத் தெரிந்தபோது, அந்தச் சான்றைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கியை 1986-இல் ராஜீவ் காந்தி வந்து திறந்துவைத்தார். அதற்காகப் பாடுபட்ட பாப்பு 1982-லேயே காலமாகிவிட்டார். இப்போது தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் அவர் பெயர்தான்.

சனிக்கிழமைகளில் பொதுஜனங்களை உள்ளே விடுவார்கள். அப்படிப் போன ஒரு மாலையில், சின்னத் தொலைநோக்கியில் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு, “நல்லா மின்னுதுங்க” என்றேன். அங்கிருந்தவர் முகம் சுளித்தார். “மின்னினா எங்களுக்கு வேலை கெட்டுது சார்” என்றார். நட்சத்திரம் மினுமினுப்பதில்லை. நமக்கும் அதற்கும் நடுவில் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் மேலும் கீழுமாகப் புரள்வதால் அதன் ஒளி நடுங்குகிறது. காற்று புரளாத இரவுதான் அவர்களுக்கு நல்ல இரவு.

எங்களுக்கோ அந்தப் புரளல்தான் சோறு. வெயில் ஏற ஏற, கரும்பாறையும் உழுது போட்ட கொல்லையும் சூடாகும். அதன் மேலிருக்கிற காற்று சூடாகிப் பிய்த்துக்கொண்டு மேலே கிளம்பும். தெர்மல் என்பார்கள். கிளைடர் வினாடிக்கு ஒரு மீட்டர் இறங்கிக்கொண்டிருக்க, சுற்றியுள்ள காற்று வினாடிக்கு மூன்று மீட்டர் ஏறினால், கணக்குப்படி நாம் மேலே போகிறோம். அந்தக் காற்றுக்கு எல்லைக்கல் கிடையாது. பருந்து சிறகை அசைக்காமல் வட்டமிடுகிற இடம்தான் அடையாளம். போய் அதற்குள் நுழைந்து நாமும் வட்டமிட வேண்டும். பருந்து ஒரு தரம் நம்மைப் பார்க்கும். பிறகு நம்மை விட்டுவிட்டு இரண்டே சுற்றில் மேலே போய்விடும். பத்து நிமிஷத்தை நாற்பது நிமிஷம் ஆக்கிய உலக வீரர்கள் எல்லோரும் இந்த வித்தையைத்தான் செய்கிறார்கள். நாற்பது நிமிஷம் என்ன, இதே வித்தையில் இப்போது 600 கிலோமீட்டருக்கு மேல் போய் இறங்கியிருக்கிறார்கள். எங்களில் தெர்மலைப் பிடித்தவர் ஷூ கம்பெனிக்காரர் ஒருவர்தான். அவரும் பிடித்ததாகச் சொன்னார். கீழேயிருந்து பார்த்த எங்களுக்கு அவர் வழி தெரியாமல் சுற்றியதாகத்தான் பட்டது.

ஆக, அடுத்தடுத்த மலைகளுக்கு மேலே ஒரே காற்று. அது சும்மா இருக்கட்டும் என்று ராத்திரியில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் வேண்டிக்கொண்டார்கள். கொஞ்சம் கிளம்பட்டும் என்று பகலில் நாங்கள் வேண்டிக்கொண்டோம். வடகிழக்குப் பருவமழை வந்தால் இரு தரப்புக்கும் கடை அடைப்பு.

ஜவ்வாது மலையிலிருந்தே பறந்தால் என்ன என்று எனக்குத்தான் தோன்றியது. சொந்த ஊர்ப் பாசம். ஏலகிரியில் பறந்தால் யாரோ ஒருத்தன் பறக்கிறான். ஆலங்காயத்தில் பறந்தால் இன்னார் மகன் பறக்கிறான் என்பார்கள். சரிவு பார்த்துவர மூட்டையோடு கிளம்பினோம். யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் யாரிடம் கேட்பது? ஆகாயத்துக்கு வி.ஏ.ஓ. யார்?

யார் என்று சோதனைச்சாவடியில் தெரிந்தது. ஜவ்வாது மலை என்றால் அப்போதெல்லாம் ஒரே பொருள், சந்தனம். திருப்பத்தூரில் அரசாங்கச் சந்தனக் கிடங்கே இருக்கிறது. மலையிலிருந்து இறங்குகிற பஸ்ஸை நிறுத்தி வனத்துறைக் காவலர் ஏறினார். 20 கிலோ மூட்டை, பிதுங்கிய வயிறு, கூட நான்கு ஆண்கள், நான்கு பேர் முகத்திலும் தூக்கமில்லாத களை. வேறு எப்படி நினைப்பார்?

“இன்னா இது?”

“பாராசூட்டுங்க.”

“மூட்டையில இன்னா இருக்குன்னு கேட்டா பாராசூட்டுன்ற?”

அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தோம். இந்தத் துணியை மடித்து அடைக்கத் தனி வித்தை வேண்டும். திறந்தாலோ அதுவே வெளியே வந்துவிடும். பஸ் ஓரத்தில் ஆரஞ்சும் நீலமுமாக நைலான் வந்துகொண்டே இருந்தது. காவலர் ஒரு முனையைப் பிடித்தார், மறுமுனை கிடைக்கவில்லை. பயணிகள் எல்லோரும் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். சாமையும் புளியும் சந்தைக்குக் கொண்டுபோன மலைவாழ் பெண்கள் துணியைத் தொட்டுப் பார்த்து விலை விசாரித்தார்கள். துணி முழுக்க வெளியே வந்ததும் அடியில் சந்தனம் இல்லை என்று ஊர்ஜிதமானது. ஆனாலும் காவலருக்குத் திருப்தியில்லை. இத்தனை தூரம் தேடியதற்கு ஏதாவது இருந்திருக்க வேண்டும் இல்லையா?

“எடுத்துக்கினு போய் இன்னா பண்ணுவீங்க?”

“மலை மேலேருந்து குதிப்போம் சார்.”

கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தார். “வூட்ல தெரியுமா?” என்றார்.

ஜவ்வாது மலை யோசனை அத்தோடு போயிற்று. காவலர் காரணமில்லை. சரிவெல்லாம் காப்புக்காடு, கீழே பார்த்தால் இறங்குவதற்கு ஒரு காலடி வெட்டவெளி கிடையாது. கிளம்புவதைவிட இறங்குவதுதான் இந்த விளையாட்டில் பெரிய விஷயம். மரத்தில் இறங்கினால் மூன்று மணி நேர வேலை. மின்கம்பியில் இறங்கினால் அதற்குப் பிறகு வேலையே இல்லை.

ஏலகிரி அடிவாரத்தில் அந்தப் பிரச்சினை இல்லை, வேறு பிரச்சினை. தென்னந்தோப்பு, மாந்தோப்பு, கரும்பு என்று தள்ளிக்கொண்டே வந்தால் மிஞ்சுவது மல்லாட்டைக் கொல்லை. (வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம்.) மேலேயிருந்து பார்க்க அத்தனை மிருதுவாக இருக்கும். நான் இறங்கியதும் பக்கத்துக் கிராமமே ஓடிவரும். முதலில் பிள்ளைகள், பிறகு நாய்கள், பிறகு கொல்லைக்குச் சொந்தக்கார அம்மா.

“அய்யய்யோ, அடிபட்டுச்சா கண்ணு?”

“இல்லம்மா.”

அடிபடவில்லை என்று உறுதியானதும் அந்த அம்மாவின் குரல் மாறும். “அப்ப செடிக்கு யாரு பதில் சொல்றது?”

நஷ்டஈடாக ஐம்பது ரூபாய் கொடுத்தால், துணியைச் சுருட்ட ஆள் வரும், குடிக்க மோர் வரும், நிழலில் கயிற்றுக் கட்டில் வரும். எங்கேயிருந்து வருகிறாய், எதற்காக, சம்பளம் தருவார்களா, கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரணை நடக்கும். சம்பளம் இல்லை, நாங்கள்தான் காசு செலவழிக்கிறோம் என்று சொன்னபோது ஒரு பாட்டி என் பெண்டாட்டிக்காக வருத்தப்பட்டார். அந்தப் பத்து நிமிஷத்தைவிட அந்த மோரும் விசாரணையும்தான் இப்போது எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. ஆகாயத்தில் இருந்தபோது என்ன நினைத்தேன் என்று கேட்டால், கீழே எங்கே இறங்குவது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

பயம் இருந்ததா என்று கேட்பார்கள். இருந்தது, ஆனால் தப்பான இடத்தில். கீழே விழுந்துவிடுவோம் என்றுதான் நாங்கள் பயந்தோம். மேலே போய்விடுவோம் என்று ஒருவரும் பயப்படவில்லை. 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவில் ஏவா விஸ்னியர்ஸ்கா என்கிற ஜெர்மன் வீராங்கனையை இடிமேகம் ஒன்று உள்ளே இழுத்துக்கொண்டது. எவரெஸ்ட்டைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் கூடுதலாக, 9,946 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய், நினைவிழக்க வைத்து, பனி உறைந்த நிலையில் இறக்கிவிட்டது. அவர் பிழைத்தார். அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் பிழைக்கவில்லை. இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தோன்றியது: எங்கள் கிளைடரும், எங்கள் திறமையும், திருப்பத்தூர்க் காற்றும் சேர்ந்து எங்களைப் பத்திரமாக வைத்திருந்தன. மேலே போகவே தெரியாதவனை எந்த மேகம் என்ன செய்யும்?

பிறகு ஒவ்வொருவராகக் கழன்றோம். ஒருவருக்கு மாற்றல், ஒருவருக்கு முதுகு, ஒருவருக்கு மாமனார். துணிக்கும் ஆயுசு உண்டு. வெயிலில் நைலான் நைந்து, அதன் வழியே காற்று கசிய ஆரம்பித்துவிட்டால் அது இறக்கை ஆகாது. எங்கள் கிளைடர் கடைசியில் நெல் காயப்போடப் போயிற்று. ஆடு மேய்த்த பெரியவர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இப்போது எல்லாம் இருக்கிறது. நாங்கள் தூக்கிச் சுமந்த 20 கிலோ மூட்டை இன்று பத்துக் கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. எங்கள் கிளைடர் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஐந்தாறு மீட்டர் முன்னே போகும். இன்று கற்றுக்குட்டிகளுக்குக் கொடுப்பதே எட்டு ஒன்பது மீட்டர் போகிறது. ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதைக் கருவி பீப் பீப்பென்று சொல்கிறது. 2022-இல் மத்திய அரசு தேசிய வான் விளையாட்டுக் கொள்கை என்று ஒன்றே கொண்டுவந்தது. 2030-க்குள் இந்தியா முன்னணி நாடாக வேண்டுமாம், பத்தாயிரம் கோடி ரூபாய்வரை வருமானம், ஒரு லட்சம் பேருக்கு வேலை. சம்பளம் தருவார்களா என்று கேட்ட அந்தக் கொல்லைக்காரர்களுக்கு அரசாங்கம் கால் நூற்றாண்டு கழித்துப் பதில் சொல்லியிருக்கிறது. பொள்ளாச்சியில் 2015 முதல் பலூன் திருவிழா நடக்கிறது, கூட்டம் அள்ளுகிறது.

எனக்கும் போனில் காற்று தெரிகிறது. ஜமுனாமரத்தூரில் நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு எந்தத் திசையிலிருந்து எத்தனை வேகத்தில் அடிக்கும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டுகிறது. அன்று மலையேறிப் போய்க் காற்று சரியில்லை என்று தெரிந்துகொண்டோம். இன்று படுக்கையில் இருந்தபடியே தெரிந்துகொண்டு திரும்பிப் படுக்கிறேன். எங்கள் வாட்ஸப் குழுவில் இன்னமும் ஒருவர் ஞாயிறுதோறும் காற்று நிலவரம் போடுகிறார். அதற்குக் கீழே முட்டி வலித் தைலம் பற்றி நீண்ட விவாதம் நடக்கும்.

ரிட்டையரான பணம் வந்த வருஷம், மனைவியை அழைத்துக்கொண்டு இமாசலத்தில் பீர் போனேன். 2015-இல் பாராகிளைடிங் உலகக் கோப்பை நடந்த ஊர். பில்லிங் என்கிற புல்வெளி 2,400 மீட்டர் உயரம். அங்கே கிளம்பி ஆயிரம் மீட்டர் கீழே பீரில் இறங்க வேண்டும். மேலே போக 14 கிலோமீட்டர் மலைச்சாலை, ஜீப்பில் கொண்டுபோய் விடுகிறார்கள். மழைக்காலத்தில் இரண்டு மாதம் பறக்கத் தடை. பதிவு, படிவம், கையெழுத்து, ஹெல்மெட், வீடியோவுக்குத் தனிக் காசு. பைலட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பறக்கிற ஏற்பாடு. தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் ஒரே வரிசை. அங்கேயே வளர்ந்த பையன் ஒருவன் என் எடையைக் கேட்டான். சொன்னேன். காற்றைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி காற்றைப் பார்த்தான். காற்று மெதுவாக இருக்கிறது, கனமானவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்றான். எனக்கு அது பழக்கம்தான். ஓரமாக ஒரு கல்லைப் பார்த்து உட்கார்ந்தேன்.

என் மனைவிக்குப் பறக்கிற உத்தேசமே இல்லை, காசு கட்டியாயிற்றே என்று போய் நின்றாள். “பாகோ! பாகோ!” என்று பையன் பின்னாலிருந்து கத்தினான். அவளுக்கு இந்தி தெரியாது. ஓடச் சொல்கிறான் என்று நான் இங்கிருந்து கத்துவதற்குள் இரண்டடி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உட்காரக் கூடாது என்பது முதல் பாடம். பையன் அவளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓடினான். துணி உப்பியது, போய்விட்டார்கள். அவர்கள் தலைக்கு மேலே ஒரு பெரிய கழுகு சுற்றிக்கொண்டிருந்தது. பையன் நேராக அதற்குக் கீழே போய் வட்டமிட்டான். கிளம்பிய இடத்தைவிட உயரே போய், ஒரு புள்ளியாகி, பள்ளத்தாக்குக்கு மேலே நகர்ந்து மறைந்தார்கள்.

எனக்கு ஏற்ற காற்று அன்றைக்கு வரவில்லை. மூன்று மணி வாக்கில் மேகம் கட்டியது, கடை அடைத்துவிட்டார்கள். ஜீப்பிலேயே இறங்கினேன். இறங்கும் மைதானத்துக்குப் பக்கத்து டீக்கடையில், திபெத்தியக் கிழவிகள் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து மோமோ தின்றுகொண்டிருந்தாள்.

“எவ்வளவு நேரம் இருந்தீங்க மேலே?”

“அரை மணி இருக்கும். இன்னும் இருக்கலாம்னான் அந்தப் பையன். எனக்குத்தான் பசிச்சது.” மோமோவைச் சட்னியில் தொட்டாள். “ஏங்க, இதுக்கா அத்தன வருஷம் ஞாயித்துக்கிழமைன்னா காணாமப் போயிடுவீங்க? ஒண்ணுமே பண்ண வேண்டியதில்லையே. உக்காந்தா தானே போகுது.”

“பைலட் ஓட்டறான்ல, அதனால.”

“பாதி தூரம் நான்தான் ஓட்டினேன். போன்ல யாரோ கூப்பிட்டாங்கன்னு ரெண்டு கயித்தையும் எங்கிட்ட குடுத்துட்டான். வலது கைய இழுத்தா வலப்பக்கம் போகுது, இடது கைய இழுத்தா இடப்பக்கம் போகுது. அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான்” என்றேன்.